முதல் பம்ப் ஷாட்கனுக்கு எந்த சைட் வாங்கலாம்?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து வெருலத்தில் அம்மாவோடு இருக்கிறீர்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி தற்காப்புக்கான லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கடையில் காத்திருக்கும் 12 போர் பம்ப் (முன்கட்டையை இழுத்துத் தோட்டா ஏற்றும்) ஷாட்கனை இனி எடுத்துவர வேண்டியதுதான். அதன் குழல் 47 சென்டிமீட்டர், நுனியில் குறி பார்க்க ஒரு சின்னப் பித்தளை மணி. அதற்குப் பதில் வேறு சைட், அதாவது குறி பார்க்கும் கருவி, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் போடச் சொல்கிறார். நண்பர் வளையம் வைத்த கோஸ்ட் ரிங்தான் சரி என்கிறார். டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் உங்கள் மாமா, மணியே போதும் என்கிறார். அந்தத் தோட்டத்தில் புஷ்பிக் என்ற காட்டுப்பன்றித் தொல்லையும் இருக்கிறது, ஒரு நாள் அங்கேயும் துப்பாக்கியைக் கொண்டுபோக ஆசை. யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு மாமா சொல்வதைக் கேளுங்கள். மற்ற இருவர் சொல்வதும் தவறில்லை. ஆனால் எந்த சைட் வேண்டும் என்பதை முடிவு செய்வது குழலிலிருந்து என்ன வெளியே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்ற இரண்டும்தான். உங்கள் துப்பாக்கி உங்கள் தோளில் எப்படி உட்காருகிறது, உங்கள் தோட்டா எங்கே போய் விழுகிறது என்பதெல்லாம் தெரியாமல் அதை முடிவு செய்ய முடியாது. அதனால் முதல் சில மாதங்கள் பித்தளை மணியோடேயே இருங்கள். சைட்டுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு மூன்று விஷயங்களில் போடலாம். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த மணியைப் புரிந்துகொள்ளுங்கள். ரைஃபிளில் முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். மணி மட்டும் உள்ள ஷாட்கனில் பின்குறி என்று தனியாக எதுவும் கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் பின்கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிந்தால் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும், சுடுவதும் ஒரே இடத்தில் விழும். கன்னம் சற்று மேலே தூக்கிக்கொண்டால் குழலின் மேற்பரப்பு அதிகமாகத் தெரியும், அடி இலக்குக்கு மேலே போகும். தலையை அழுத்திக் கீழே வைத்தால் அடி கீழே இறங்கும்.

எவ்வளவு தவறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் துப்பாக்கியில் கண்ணிலிருந்து மணி வரை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வரும். கண் 3 மில்லிமீட்டர் இடம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் தூரத்தில் அடி 2 சென்டிமீட்டர்கூட விலகாது. 50 மீட்டரில் அதே தவறு 19 சென்டிமீட்டர் ஆகிவிடும். இந்த ஒரு கணக்கிலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் மணி போதும். தோட்டத்தில் ஒற்றைக் குண்டான ஸ்லக் சுடுவதாக இருந்தால் போதாது.

வீட்டுக்குள் போதும் என்றதும், ஷாட்கனைக் குத்துமதிப்பாக நீட்டினால் போதும், தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகளான ரவை விரிந்து எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த எண்ணம் நம் ஆட்களிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. சோக் (குழல் நுனியின் குறுக்கம்) இல்லாத சாதாரணக் குழலில் பெரிய ரவைத் தோட்டா மீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் வரைதான் விரியும். உங்கள் வீட்டு நடையின் நீளம் 5 மீட்டர் என்றால் அந்தக் கடைசியில் ரவைக் கூட்டம் 12 முதல் 15 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். ரவையைக் கட்டுப்படுத்தும் சிறப்பு வாட் (ரவையைத் தாங்கும் உள்கிண்ணம்) வைத்த தோட்டாக்களில் அதைவிடவும் குறுகலாக, கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாகப் போகும். ஆகவே குறி பார்த்துத்தான் ஆக வேண்டும். பெரிய ரவைத் தோட்டாவில் பொதுவாக எட்டு ஒன்பது ரவைகள் இருக்கும், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். குறி தவறிய ஒவ்வொரு ரவையும் எங்கேயோ போய்த்தான் நிற்கும்.

எங்கே போய் நிற்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. டர்பனில் 1960-களில் கட்டிய சாட்ஸ்வொர்த் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலும் பல இடங்களில் அதே கதை. வெருலத்தில் உங்களுக்குத் தனி வீடு என்றாலும் ஜன்னலுக்கும் கதவுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று பகலில் நடந்து பார்த்து வையுங்கள். எந்த நிலையில் நின்று எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை முதலில் தீர்மானியுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைட்டும் இதைச் சொல்லித் தராது.

இப்போது நண்பர் சொன்ன கோஸ்ட் ரிங். பின்னால் மெல்லிய விளிம்புள்ள பெரிய வளையம், முன்னால் உயரமான ஒரு கம்பம், இரண்டு பக்கமும் அதைக் காக்கும் இறக்கைகள். வளையத்தின் வழியே பார்க்கும்போது விளிம்பு மங்கிக் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும், நீங்கள் முன்கம்பத்தை இலக்கில் வைத்தால் போதும். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர்தான் இந்த வகையைப் பெரிதாகப் பரப்பினார். ஸ்லக்குக்கு இதைவிட நல்ல இரும்பு சைட் கிடையாது என்பது என் கருத்து. 50 மீட்டர் வரை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஸ்லக்கைப் போட இது கை கொடுக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஏற்றது. வி வடிவப் பள்ளம் வைத்த ரைஃபிள் சைட்டில் பின்பள்ளம், முன்கம்பம், இலக்கு என்று மூன்றையும் கண் மாறி மாறிப் பிடிக்க வேண்டும், வயதான கண்ணுக்கு அது முடியாது. வளையம் மங்கலாக இருந்தால்தான் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

குறைகளும் உண்டு. பறக்கும் பறவைக்கும், பயிற்சிக்காகப் பறக்கவிடும் க்ளே தட்டுக்கும் கோஸ்ட் ரிங் ஒத்துவராது, வளையமும் இறக்கைகளும் பார்வையை மறைக்கும். உங்கள் மாமா குளிர்காலத்தில் கரும்பு ஓரத்தில் கினி கோழி சுடுபவராக இருந்தால் அவர் மணியை விரும்புவதில் ஆச்சரியமே இல்லை. அப்புறம், முன்கம்பம் உயரம் என்பதால் பின்கட்டையின் உயரமும் அதற்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும்.

ஃபைபர் ஆப்டிக் மணிகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பித்தளை மணியைக் கழற்றிவிட்டு அல்லது அதன் மேலேயே, சிவப்பு அல்லது பச்சைப் பிளாஸ்டிக் தண்டு ஒன்றைப் பொருத்துவது. சுற்றியுள்ள வெளிச்சத்தை உள்வாங்கி நுனியில் பளிச்சென்று காட்டும். பகலில் அருமை, இருட்டில் ஒன்றுமே தெரியாது. தற்காப்பு என்று வாங்கும்போது பெரும்பாலும் இருட்டைத்தான் நினைக்கிறோம், அதனால் உங்களுக்கு இது அவசரமில்லை. பறவை சுடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்தப் பிரகாசம் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும், கண் பறவையை விட்டு மணிக்கு வந்த கணமே கை நின்றுவிடும், அடி பறவைக்குப் பின்னால் போகும். மலிவானவை பின்னதிர்ச்சியில் தண்டை உதிர்த்துவிடுவதும் உண்டு. ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் வைத்த மணி இருட்டிலும் தானே ஒளிரும், ஆனால் அதன் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம்தான், பழையதை வாங்கினால் பாதி ஒளிதான் கிடைக்கும்.

ரெட் டாட் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் கடைகளில் இன்று எல்லாரும் அதைத்தான் தள்ளுகிறார்கள். நல்ல பொருள்தான். கண்ணாடிக்குள் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். முன்குறி பின்குறி என்று சேர்க்க வேண்டாம், இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கலாம், கண் சற்று இடம் மாறினாலும் புள்ளி காட்டும் இடத்தில்தான் அடி விழும். ஸ்லக், பெரிய ரவை இரண்டுக்கும் பொருந்தும். புள்ளியின் அளவை எம்ஓஏ என்று சொல்வார்கள். 1 எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். 2 எம்ஓஏ புள்ளி துல்லியத்துக்கு, 6 எம்ஓஏ புள்ளி வேகத்துக்கு. ஷாட்கனுக்குப் பெரிய புள்ளிதான் நல்லது. 25 மீட்டரில்கூட அது நாலரை சென்டிமீட்டரைத்தான் மறைக்கும்.

ஆனால் முதல் துப்பாக்கியில், முதல் நாளே ஏன் வேண்டாம் என்கிறேன்? 12 போர் தோட்டாவின் உதை கடுமையானது. சின்ன .22 ரைஃபிளுக்கும் ஏர்கன்னுக்கும் செய்த மலிவு டாட் சில பெட்டித் தோட்டாக்களிலேயே தளர்ந்துவிடும், அல்லது புள்ளி அணைந்துவிடும். ஷாட்கன் உதையைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லும் டாட்டின் விலை சில நேரம் துப்பாக்கியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடுத்தது உயரம். சாதாரணப் பம்ப் ஷாட்கனின் பின்கட்டை மணிக்காக வளைத்துச் செய்தது. அதன் மேல் ஒரு ரெயில் (சைட்டைப் பிடிக்கும் உலோகப் பட்டை), ரெயிலின் மேல் டாட் என்று ஏற்றினால் புள்ளியைப் பார்க்கக் கன்னத்தைத் தூக்கித் தாடையை வைக்க வேண்டி வரும். உதை அப்போது முகத்தில் நேராகத் தெரியும், துப்பாக்கியும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். இதைச் சரி செய்யக் கன்னப்பட்டை வாங்க வேண்டும், அது தனிச் செலவு. மூன்றாவது, கண். உங்களுக்கு அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது, நசுங்கிய மிளகாய்ப் பழம் போல இழுத்துக்கொண்டு தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பொருத்த இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாஸ்பெர்க் 500 என்ற பம்ப் ஷாட்கன் வகையில் மேலே நான்கு துளைகள் போட்டு, சின்ன ஸ்க்ரூ வைத்து மூடியிருப்பார்கள். இன்னொரு பம்ப்பான ரெமிங்டன் 870-இல், பழையவை பலவற்றில் துளையே இருக்காது, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்துப் போட வேண்டும். துருக்கியிலிருந்து வரும் பம்ப்களில் மாடலுக்கு மாடல் மாறும். இன்னொரு முக்கியமான விஷயம்: மாஸ்பெர்க்கின் உடற்பகுதி அலுமினியம், 870-இன் உடற்பகுதி இரும்பு. அலுமினியத்தில் ஸ்க்ரூவை வெறியோடு முறுக்கினால் மறை தேய்ந்துவிடும், அப்புறம் சரி செய்வது பெரும்பாடு. முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்க்ரூடிரைவர் வைத்து, நடுத்தர வலுவுள்ள நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்கச் சொல்லுங்கள். டாட் ஏறியபின் துப்பாக்கி உயரமாகிவிடும், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் உங்கள் சேஃபின் தாங்கியில் பொருந்துகிறதா என்றும் அளந்து பாருங்கள்.

கரையோரக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்பனிலிருந்து ஸ்டேங்கர் வரை உப்பும் ஈரமும் எந்த இரும்பையும் விடாது. கோஸ்ட் ரிங்கின் ஸ்க்ரூ, ரெயிலின் அடிப்பக்கம், மணியின் மறை எல்லாம் துரு பிடிக்கும் இடங்கள். எண்ணெய்த் துணியால் துடையுங்கள், ஆனால் டாட்டின் கண்ணாடியில் எண்ணெய் படக் கூடாது.

சரி, சைட் பணத்தை எங்கே போடலாம் என்று சொன்னேன் அல்லவா?

முதலில் பின்கட்டையின் நீளம். தொழிற்சாலையிலிருந்து வரும் கட்டை பெரும்பாலும் 35 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும், ஆறடி ஆளுக்கு அது சரி. நம்மில் பலருக்கு நீளம் அதிகம். நீளமான கட்டையைப் பிடிக்கும்போது உடம்பு பின்னால் சாயும், கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும், பின்குறியான கண் அலையும். அம்மாவும் தகுதிச் சான்றிதழ் வாங்கிப் பயிற்சி எடுப்பதாக எழுதியிருந்தீர்கள், அவருக்கு இது இன்னும் முக்கியம். கட்டையை வெட்டிக் குறைக்கலாம், அல்லது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தட்டுகள் வைத்த கட்டை வாங்கலாம். என்னைக் கேட்டால் சைட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். கட்டை சரியானால் அந்தப் பித்தளை மணியே வேறு துப்பாக்கி போல நடந்துகொள்ளும்.

இங்கேயே இன்னொரு சோதனை. எந்தக் கண் உங்களுக்கு ஆதிக்கக் கண் என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தில் உள்ள ஒரு விளக்கை விரலால் சுட்டுங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் விளக்கிலேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் மணியை இடது கண் கைப்பற்றிக்கொள்ளும், அடி பக்கவாட்டில் விலகிப் போகும், காரணம் தெரியாமல் துப்பாக்கியைத் திட்டுவோம். அப்படியானால் இடது தோளுக்கு மாறிப் பழகுங்கள் அல்லது இடது கண்ணை மூடிச் சுடுங்கள். ரெட் டாட் இந்த விஷயத்தில் உண்மையிலேயே உதவும். அந்த நிலை உங்களுக்கு இருந்தால் கடைக்காரர் சொன்னதை நானும் சீக்கிரமே ஏற்றுக்கொள்வேன்.

இரண்டாவது, வெளிச்சம். ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங் என்று மணிக்கணக்கில் மின்சாரம் நிறுத்திய காலத்தை நாம் யாரும் மறக்கவில்லை. தெருவே இருட்டாக இருக்கும்போது எந்த மணியும் தெரியாது, அதைவிட முக்கியமாக, எதிரே நிற்பது யார் என்றே தெரியாது. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மாவாக இருக்கலாம். துப்பாக்கியின் முன்கட்டையில் பொருத்தும் நல்ல டார்ச் ஒன்று வாங்குங்கள், உதையைத் தாங்கும் வகையாகப் பார்த்து. கூடவே கையில் பிடிக்கும் டார்ச் தனியாக ஒன்று வையுங்கள், ஏனென்றால் துப்பாக்கியில் இருக்கும் டார்ச்சால் தேடினால் குழலையும் அந்த ஆள் மீதே காட்டிக்கொண்டிருப்பீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே மணி கறுப்புப் புள்ளியாகத் தெளிவாகத் தெரியும். ட்ரிடியமும் ஃபைபரும் இல்லாமலேயே இருட்டுப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, தோட்டாவும் அட்டையும். பயிற்சி மைதானத்தில் ஒரு மீட்டர் சதுர அட்டையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, 5, 10, 15 மீட்டரில் ஒவ்வொரு தூரத்துக்கும் புது அட்டையில் சுடுங்கள். மேசையில் மூட்டை வைத்து நிதானமாகச் சுட்டால் துப்பாக்கி எங்கே அடிக்கிறது என்று தெரியும். பிறகு நின்று சுட்டால் நீங்கள் எங்கே அடிக்கிறீர்கள் என்று தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பயிற்சிப் பாடம். வீட்டுக்கு வைத்துக்கொள்ளப் போகும் அதே தோட்டாவை வைத்துச் செய்யுங்கள். எஸ்ஜி என்ற பெரிய ரவை ஒரு மாதிரி விரியும், அதைவிடச் சிறிய ஏஏஏ வேறு மாதிரி விரியும், ஒரே அளவு ரவையில்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேசையில் வைத்துச் சுட்டும் அட்டையில் கூட்டத்தின் நடு ஒரே பக்கமாகத் தள்ளி விழுகிறது என்றால்தான் மணியை மாற்றவோ திருத்தக்கூடிய சைட் போடவோ காரணம் இருக்கிறது. லைசென்ஸுள்ள ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வைத்துக்கொள்ளலாம் என்ற சட்ட வரம்பு இருப்பதால், பயிற்சிக்கும் வீட்டுக்கும் பிரித்து வாங்குங்கள்.

கரும்புத் தோட்ட விஷயத்துக்கு வருவோம். புஷ்பிக் இரவில்தான் வரும், கரும்பை மென்று துவைத்துவிட்டுப் போகும், பெரியது 80 கிலோகூட இருக்கும், காயம்பட்டால் திரும்பி வரும். மணியை வைத்துக்கொண்டு ரவையால் 40 மீட்டரில் அதைச் சுடுவது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை. அங்கே ஸ்லக்தான், ஸ்லக் என்றால் கோஸ்ட் ரிங் அல்லது ரெட் டாட்தான். உங்கள் நண்பர் அங்கே சரி. இரவு வேட்டை என்றால் டாட்டுக்கு ஒரு படி மேலே ஓட்டுப் போடுவேன், ஏனென்றால் இருட்டில் கறுப்புக் கம்பம் கறுப்புப் பன்றியின் மேல் தொலைந்துபோகும். ஆனால் புள்ளியின் பிரகாசத்தை மிகக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கண்ணைக் கூசவைத்து எதையும் பார்க்கவிடாது. வேட்டைக்கான அனுமதியை, மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு போங்கள்.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: ரைஃபிள் சைட் வைத்த இன்னொரு குழலை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று. மாஸ்பெர்க், 870 இரண்டிலும் குழலைக் கழற்றி மாற்றுவது சில நிமிட வேலைதான். ஆனால் 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இந்த நாட்டில் குழல் என்பது துப்பாக்கியின் முக்கிய உறுப்பு. அதை உதிரிப் பாகம் போல வாங்கிவந்து மாட்ட முடியாது, லைசென்ஸ் வேண்டும். சைட், ரெயில், பின்கட்டை, டார்ச் இவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே போல உங்கள் லைசென்ஸ் குறிப்பிட்ட வரிசை எண் உள்ள அந்தத் துப்பாக்கிக்கே கொடுத்தது, கடையில் போய் இதற்குப் பதில் கோஸ்ட் ரிங் மாடலைக் கொடுங்கள் என்று இப்போது மாற்றிக்கொள்ளவும் முடியாது.

ஆகவே அட்டை வேலை முடிந்து, கட்டை சரியாகி, தோட்டத்துக்குப் போவது உறுதி என்று ஆன பிறகு, இருக்கும் குழலிலேயே பொருத்தக்கூடிய கோஸ்ட் ரிங் கிடைக்கிறதா என்று உங்கள் மாடல் பெயரைச் சொல்லிக் கன்ஸ்மித்திடம் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், தாழ்வான ரெயிலில் உதை தாங்கும் ரெட் டாட். எதைப் போட்டாலும் ஸ்லக்குக்குத் தனியாக 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் சுட்டுத் திருத்துங்கள், பிறகு வீட்டுத் தோட்டாவை எடுத்து 5 மீட்டரில் மறுபடி பாருங்கள். டாட் குழலுக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் உட்காருவதால் அவ்வளவு பக்கத்தில் அடி புள்ளிக்குக் கீழே விழும். எவ்வளவு கீழே என்பதை அம்மாவும் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.